இரண்டரைப் படி தண்ணீர்

பேராயர் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.
ஒலிபெருக்கி ஒன்று சமையற்கட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது,
எனக்கும் கேட்கட்டும் என்று யாரோ திருப்பியது,
அல்லது காற்று.
முந்நூறு பேருக்குப் பிரியாணி தம்மில் இருக்கிறது.
ராயக்கோட்டை ரோட்டில் மாம்பழ லாரிகள்
கூழ் ஃபேக்டரிக்கு வரிசை கட்டி நிற்கிற மே மாதம்.
ஈக்கள் பந்தலுக்கும் எனக்கும் நடுவே
போய்வந்துகொண்டிருக்கின்றன.

பதினோரு பேர், கறுப்பு அங்கியில்,
நனைந்து மடக்கிய குடைகள் மாதிரி.
எனக்கு அவர்களை அங்கியில் தெரியாது.
லுங்கியில், நைட்டியில்,
காய்ச்சலோடு கஞ்சிக்கு வந்து நின்ற முகத்தில் தெரியும்.
எஸ்றா மூன்று வருடத்தில் ஒன்பது டம்ளர் தொலைத்தான்.
நெகேமியா கிரேக்கப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி
என் அடுப்படியில் உட்கார்ந்து
வினைச்சொற்களை வெங்காயத்தோடு உரித்தான்;
இரண்டுக்கும் அழுதான்.
சில்வேன் யாரோடும் பேசமாட்டான்.
கேஸ் சிலிண்டர் வரும் நாளில் மட்டும்
எப்படியோ தெரிந்து தோளோடு வந்து நிற்பான்.
பெர்சியாள் மெஞ்ஞானபுரத்துக்காரி.
முதல் வாரம் களி உருண்டையைத் தொட்டுப் பார்த்து
"அக்கா, இது சாப்பாடா சிமெண்டா?" என்றாள்.
பதில் சொல்லவில்லை. கீரைக்குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை.
முனிரத்தினம் என் பெயர்.
காவேரிப்பட்டணத்தில் குலசாமிக்கு
ஆடிக்கு ஆடி பொங்கல் வைக்கிறவள்.
இவர்கள் ஜெபிக்கும்போது விசில் எண்ணுகிறவள்.

ஆனால் உப்பு எனக்குத் தெரியும், ஐயா.
குழம்பு நல்லா இருக்கு என்பார்கள்.
உப்பு நல்லா இருக்கு என்று இதுவரை
ஒருத்தரும் கைகழுவிக்கொண்டு சொன்னதில்லை.
குறைந்தால் பேச்சு வரும்,
கூடினால் அண்டாவோடு போகும்.
பென்னாகரம் பக்கம் தண்ணீரே உப்பு.
பல்லில் காவி ஏறின பிள்ளைகள்
வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும்.
எஸ்றாவை அங்கேதான் போட்டிருக்கிறார்கள்.
அவன் முன்னால் ஒரு பிள்ளை
கையை எடுத்துவிட்டுச் சிரித்தால்
அந்த ஒன்பது டம்ளரை மறந்துவிடுவேன்.

கரண்ட் போனது.
பேராயர் பாதி வாக்கியத்தில் நின்றார்.
கைதட்டல் மட்டும் ஒயர் இல்லாமலே இங்கே வரை வந்தது.
பெயர் கூப்பிடுகிறார்கள்.
புகைக் கண்ணோடு நானும் தட்டினேன்.
சில்வேனுக்குச் சத்தம் குறைவு,
ஊரிலிருந்து யாரும் வரவில்லை போல.
பெரிய தட்டைக் கரண்டியால் படார் படாரென்று அடித்தேன்.
பந்தலில் தலைகள் திரும்பின.
திரும்பட்டும்.

சாயங்காலம் வேன்கள் வந்தன. தளிக்கு ஒன்று, அஞ்செட்டிக்கு ஒன்று,
மற்றவை நான் பார்க்காத ஊர்களுக்கு.
அங்கியைக் கழற்றி விறகின் மேல் போட்டுவிட்டு
அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள்.
மாட்டியிருக்கிற போட்டோவில் அது இல்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, எட்டரைக்குப் போன்.
சத்தம் விட்டுவிட்டு வருகிறது.
"அக்கா, பெர்சியாள். அஞ்செட்டிக்கு மேலே இருந்து.
ராகிக் காவலுக்குப் போனவரை யானை அடிச்சிடுச்சு.
ஊர் முழுக்கப் பங்காளிங்க, யாரும் அடுப்பு மூட்டக் கூடாதாம்.
நான்தான் இங்கே வெளியாள்.
நாப்பது பேர் காலையிலிருந்து பட்டினி.
மாவு இருக்கு. தண்ணி எவ்வளவு?"

படிக்கு இரண்டரைப் படி, என்றேன்.
நொய்யை முதலில் வேகவிடு.
மாவைக் குவித்துக் கொட்டு, உடனே கிளறிவிடாதே,
நடுவில் கட்டையால் ஒரு குழி போடு,
கொதி அது வழியாக மேலே வரட்டும்.
ஜெபம் பண்ணினாயா என்றெல்லாம்
எனக்குக் கேட்கத் தெரியாது.
"உப்பு?" என்றேன்.
"போட்டுட்டேன் அக்கா."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.
அதற்கும் பின்னால் தண்ணீர்.
போனை வைக்காமல்
கொதி வரும் வரை நின்றோம், இரண்டு பேரும்.